முளைத்த அன்றே மீன் அமிலம் ஊற்றினால் நாற்று ஏன் சாய்கிறது?

வாசகர் கேள்வி: மூன்று குழித்தட்டுகளில் தக்காளி, மிளகாய், கத்தரி விதைத்தேன். கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மண்புழு உரமும் கலந்த கலவை. முளைத்த நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. மீன் அமிலமும் 30 மி.லி. பஞ்சகவ்யமும் கலந்து, தட்டுக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினேன். 12 நாளில் தக்காளியில் பாதி, தண்டு நூலாகிச் சாய்ந்துவிட்டது. மிளகாயும் கத்தரியும் மஞ்சளாக நிற்கின்றன. கலவையின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை, தட்டைச் சுற்றிக் கொசு மாதிரி சின்னப் பூச்சிகள். புளிக்கவைத்த உரம் நாற்றுக்கு ஆகாதா? பேசாமல் 19:19:19 ரசாயன உரம் வாங்கிவிடலாமா?

பதில்:

ஆகும். நன்றாகவே ஆகும். நான் வருடக்கணக்காக நாற்று வளர்ப்பது இந்தக் கரைசல்களை வைத்துத்தான். உங்கள் தட்டுகளில் நடந்தது என்னவென்றால், புளிப்பு முடியாத தீனியை, வயிறே உருவாகாத குழந்தைக்கு ஊட்டியிருக்கிறீர்கள். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். எல்லாம் ஆசையில் செய்ததுதான், கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அதனால் நிதானமாக, ஏன் இப்படி ஆனது என்பதிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 நாளில் 6 தடவை. ஒரு தட்டுக்கு 30 மி.லி. மீன் அமிலம், 180 மி.லி. பஞ்சகவ்யம். 98 குழி தட்டு ஒன்றில் பிடிக்கும் கோகோபீட்டே ஏறக்குறைய 1.2 கிலோதான். கொஞ்சம் அடியில் வடிந்து போயிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கைப்பிடிக்கும் குறைவான கலவையில் வேர் விட்டிருக்கும் செடிக்கு இது தாங்கமுடியாத அளவு. நிலத்தில் நிற்கும் வளர்ந்த செடிக்கு லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யம் என்பது சரியான அளவுதான், தப்பு அங்கே இல்லை. அந்த அளவை அப்படியே எடுத்துக் குழித்தட்டுக்குக் கொண்டுவந்ததில்தான் பிசகிவிட்டது. நிலத்தில் வேரைச் சுற்றி அடிக்கணக்கில் மண் இருக்கிறது, அதிகப்படியானதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். குழியில் வேர் ஒதுங்க இடமே இல்லை.

இரண்டாவது, அந்த வயதில் அதற்குப் பசியே கிடையாது. விதை தனக்கு வேண்டிய சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது. விதையிலைகள் இரண்டும் விரிந்து, நடுவிலிருந்து முதல் நிஜ இலை எட்டிப்பார்க்கும் வரை அதற்குத் தேவை தண்ணீர், காற்று, வெளிச்சம், கொஞ்சம் கதகதப்பு, அவ்வளவுதான். அதற்கு முன்னால் நீங்கள் ஊற்றும் எதையும் செடி பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்வது பூஞ்சைதான்.

இங்கேதான் புளிக்கவைத்த உரத்தைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும். மீன் அமிலம், சாணமும் கோமியமும் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், புண்ணாக்குக் கரைசல், எதுவாக இருந்தாலும் அது முதலில் நுண்ணுயிர்களுக்கான உணவு. செடிக்கான உணவாக மாறுவது அதற்கு அப்புறம். மீன் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் கழிவும் வெல்லமும் எடைக்கு எடை போட்டு 21 நாளோ அதற்கு மேலோ மூடி வைக்கிறோம். மீனின் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகிறது, ஆனால் போட்ட வெல்லம் முழுதும் கரைந்து காணாமல் போய்விடுவதில்லை. இனிப்பு கணிசமாக மிச்சம் இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது. இதை ஈரமான கலவையில் ஊற்றியதும் அந்த இனிப்பைத் தின்ன பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பல்கிப் பெருகுகின்றன. நீங்கள் பார்த்த வெள்ளைப் படலம் அதுதான். அது பெரும்பாலும் செடியைத் தொடாத பூஞ்சை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அது ஓர் அறிகுறி: இங்கே தின்னாத இனிப்பும் காயாத ஈரமும் இருக்கிறது என்று சொல்கிறது. அந்த இரண்டும் இருக்கும் இடத்தில்தான் பித்தியம் மாதிரி நாற்றழுகல் கிருமிகளும் கொண்டாட்டமாக வளரும். தண்டு மண்மட்டத்தில் நூலாகி நாற்று சாய்கிறதே, அது அவற்றின் வேலை.

சரி, சாய்ந்தது அதனால். மஞ்சள் ஏன்? இவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) ஊற்றியும் இலை வெளுத்திருப்பது உங்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். அமினோ அமிலம் உடைந்தால் முதலில் கிடைப்பது அம்மோனியம். அதை, நாற்றுக்கு ஒத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக மாற்ற வேறொரு கூட்டம் பாக்டீரியாக்கள் வேண்டும். அவை மெதுவாகப் பெருகுபவை, புளிப்பு பிடிக்காது, காற்று இல்லாமல் வேலை செய்யாது. நல்ல தோட்ட மண்ணில் அவை ஏராளம், கோகோபீட்டில் சொற்பம். மண்புழு உரம் சேர்த்திருந்தீர்கள், அதிலிருந்து கொஞ்சம் வந்திருக்கும், ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் புளிப்பும் ஈரமும் சேர்ந்தால் அவை எப்படி வேலை செய்யும்? அம்மோனியம் தேங்குகிறது, இளம் வேரின் நுனி கருகுகிறது, வேர் கருகினால் தட்டில் எவ்வளவு சத்து இருந்தாலும் இலைக்கு ஏறாது. பசி மஞ்சளும் வேர் கருகிய மஞ்சளும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், அதனால்தான் நிறைய பேர் மஞ்சளைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள், நிலைமை இன்னும் மோசமாகிறது. தயவுசெய்து இலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வேர் நுனி வெள்ளையாக, நுண்ணிய மயிர்களோடு இருந்து இலை மட்டும் அடியிலிருந்து வெளுத்தால் அது பசி. வேர் பழுப்பாக, குறுகி, தொட்டால் உரிந்து வந்தால் அது அதிகப்படி.

நானும் இந்தப் பாடத்தை நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். நாற்றுப் பண்ணை வேலையில் இறங்கிய புதிதில், கடலைப் புண்ணாக்கில் 7 சதவீதம் வரை தழைச்சத்து இருக்கிறதே என்று, புளிக்கவைக்காமல் பொடித்துக் கலவையில் போட்டு மறுநாளே மிளகாய் விதைத்துவிட்டேன். நாலாம் நாள் தட்டில் கை வைத்தால் சூடு. மூடியிருந்த சாக்கைத் தூக்கினால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி. ஒரு விதை முளைக்கவில்லை. அதே கலவையைக் கொட்டிக் குவித்து, கிளறிவிட்டு, மூன்று வாரம் கழித்து வேறு வழியில்லாமல் அதிலேயே திரும்ப விதைத்தபோது, அந்த வருடத்தில் நான் வளர்த்ததிலேயே நல்ல நாற்று அதில்தான் வந்தது. அதே புண்ணாக்கு, அதே கலவை. நடுவில் கடந்தது மூன்று வாரம் மட்டும்தான்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான்: புளிப்பு வேலை எல்லாவற்றையும் விதை போடுவதற்கு முன்பே கலவைக்குள் முடித்துவிடுவேன். கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, 10 கிலோ கலவைக்கு 150 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூள். (கோகோபீட்டைக் கழுவாமல் போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். அந்த உப்பும் மீன் அமிலத்தின் உப்பும் சேர்ந்தால் வேருக்கு இரட்டை அடி.) இதை லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யக் கரைசலாலோ, 10 பங்கு தண்ணீரில் கலந்த ஜீவாமிர்தத்தாலோ பிசறி, கையில் எடுத்து அழுத்தினால் இரண்டு மூன்று சொட்டு மட்டும் வருகிற ஈரத்தில் நிழலில் குவித்துவிட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கி மூட வேண்டாம், காற்றுப் போக வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். முதல் வாரம் லேசாகச் சூடு வரும், மேலே வெள்ளைப் பூஞ்சை வரும். வரட்டும், வரவேண்டிய இடம் அதுதான். 15 முதல் 20 நாளில் சூடு அடங்கி, புளிச்ச வாடையும் அம்மோனியா நெடியும் போய், மழை பெய்த மண்ணின் வாசனை வந்துவிடும். உங்கள் 30 மி.லி. அளவுக்கு இடம் இங்கேதான் இருக்கிறது.

வாசனையை மட்டும் நம்பியும் விதைக்காதீர்கள். முள்ளங்கி விதையோ கடுகோ 20 எடுத்து இந்தக் கலவையில் ஒரு கிண்ணத்தில் போடுங்கள், இன்னொரு 20 விதையை வெறும் கழுவிய கோகோபீட்டில் போடுங்கள், இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஐந்து நாளில் தெரிந்துவிடும். அங்கே 18 முளைத்து இங்கே 12 என்றால் கலவை இன்னும் ஆறவில்லை, இன்னொரு வாரம் விடுங்கள். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் சிலதைப் பிடுங்கி வேர் நீளத்தைப் பாருங்கள், வேர் குட்டையாக நுனி பழுத்திருந்தால் அதுவும் காத்திருக்கச் சொல்லும் அடையாளம்தான். ஊற்றப்போகும் கரைசலையும் இதே மாதிரி சோதிக்கலாம்: நீர்த்த கரைசலில் நனைத்த காகிதத்தில் பத்து விதை, வெறும் தண்ணீரில் நனைத்த காகிதத்தில் பத்து விதை, நாலு நாள் கழித்து வேரை அளந்து பாருங்கள். பஞ்சகவ்யமோ மீன் அமிலமோ ஒருவர் தயாரிப்பதுபோல இன்னொருவருடையது இருக்காது, ஒரே ஆள் தயாரித்தாலும் இந்த மாதத்து டின்னும் அடுத்த மாதத்து டின்னும் ஒன்றல்ல. எந்த அட்டவணையை விடவும் இந்தப் பத்து விதைக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

விதைநேர்த்திக்குப் பஞ்சகவ்யம் நல்லது. லிட்டருக்கு 30 மி.லி. கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து, நிழலில் ஈரம் உலர்த்தி விதைக்கலாம். அதற்கு மேல் ஊறவிட வேண்டாம். ட்ரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கிடைத்தால், கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு. உங்களிடம் இருக்கும் சின்னப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகையே அதிகம். நாற்றழுகல் வராமல் அது தடுக்கும், வந்தபிறகு காப்பாற்றாது. சாய்ந்த நாற்றின் மேல் ட்ரைக்கோடெர்மா தெளிப்பதில் பயனில்லை.

முளைத்த பிறகு, முதல் இரண்டு நிஜ இலைகள் முழுதாக விரியும் வரை வெறும் தண்ணீர். அப்புறம் வாரத்துக்கு ஒரே ஒரு முறை, லிட்டருக்கு 1 மி.லி. மீன் அமிலம் அல்லது 5 மி.லி. பஞ்சகவ்யம். இரண்டையும் சேர்த்து அல்ல, ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது. நாலு இலை வந்தபிறகு மீன் அமிலம் 2 மி.லி., பஞ்சகவ்யம் 10 மி.லி. என்று கூட்டலாம், அதற்கு மேல் தட்டில் தேவையே வராது. ஜீவாமிர்தம்தான் கையில் இருக்கிறது என்றால் நன்றாக வடிகட்டி 20 பங்கு தண்ணீர் சேருங்கள், தயாரித்து ஒரு வாரத்துக்குள் இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கரைசல் கொடுப்பது காலையில். மாலையில் கொடுத்தால் இலையும் தண்டும் ராத்திரி முழுக்க நனைந்தே இருக்கும், நாற்றழுகலுக்கு அது போதும். காய்ந்துகிடக்கும் தட்டில் நேரடியாக ஊற்றாமல் முதலில் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டு, அப்புறம் கரைசல், கடைசியில் பூவாளியில் லேசாகத் தண்ணீர் தெளித்து இலைமேல் ஒட்டியதைக் கழுவிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்து மறுநாள் பயன்படுத்துங்கள்.

எல்லாப் பயிருக்கும் ஒரே அளவு பசி கிடையாது. தக்காளி வேகமாகச் சாப்பிடும், 25 நாளில் நடவுக்குத் தயாராகிவிடும், ஆகவே இரண்டு மூன்று முறை கொடுத்தால் சரி. மிளகாய் மெதுவானது, 35 முதல் 40 நாள் தட்டில் இருக்கும், அதற்கு அளவைக் கூட்டாமல் தடவைகளைக் கூட்டுங்கள். கத்தரி நடுவில். பூசணி, சுரை, பாகல் மாதிரி பெரிய விதைகளுக்கு நான் எதுவுமே கொடுப்பதில்லை. அவற்றின் விதையிலையிலேயே போதுமான சேமிப்பு இருக்கிறது, 12, 15 நாளில் தட்டை விட்டே போய்விடும்.

நடவுக்கு முந்தைய ஒரு வாரம் கரைசலை நிறுத்திவிடுங்கள், தண்ணீரையும் கொஞ்சம் குறைத்து நல்ல வெயிலுக்குப் பழக்குங்கள். கரும்பச்சையாக, கொழுகொழுவென்று இருக்கும் நாற்றைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும், ஆனால் அது நட்ட அன்றே துவளும், சாறு உறிஞ்சும் பூச்சிகளும் அதைத்தான் முதலில் தேடி வரும். நாற்றின் தரத்தை உயரத்தில் பார்க்காதீர்கள். பென்சில் மாதிரி விறைப்பான குட்டைத் தண்டு, குழியிலிருந்து இழுத்தால் கலவை உதிராமல் கட்டிப்பிடித்துக்கொண்டு வரும் வெள்ளை வேர், இந்த இரண்டும் போதும். நெட்டையாக, மெலிந்து ஒரு பக்கம் சாய்ந்து வளர்கிறது என்றால் அது வெளிச்சக் குறை, அதற்கு எந்த உரமும் மருந்தில்லை.

உங்கள் கரைசல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல மீன் அமிலத்தில் இனிப்பும் புளிப்பும் கலந்த, பழுத்த பழம் மாதிரி வாசனை வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது புளிக்கவில்லை, அழுகியிருக்கிறது. வெல்லம் குறைந்திருக்கும் அல்லது தண்ணீர் சேர்ந்திருக்கும். அதை நாற்றுக்குக் கொண்டுவராமல் உரக்குழியில் ஊற்றிவிடுங்கள். புளிக்கும்போது வாயு வரும் என்பதால் மூடியை இறுக்கித் திருகி வைக்காதீர்கள், பாட்டில் வெடித்துவிடும். அப்புறம் சாணம், கோமியம் சேர்ந்த கரைசல்களைப் பச்சையாகச் சாப்பிடும் கீரைகள் மேல் தெளிக்க வேண்டாம், நோய்க்கிருமிகள் எல்லாம் புளிப்பில் செத்துவிடும் என்று நம்பிவிட முடியாது. நாளைக்கு அறுத்துத் தின்னப்போகும் முளைக்கீரைக்குக் கலவையில் இருக்கும் சத்தே போதும்.

கொசு மாதிரி பறக்கும் அந்தப் பூச்சிகளை அலட்சியப்படுத்தாதீர்கள். பறப்பது ஒன்றும் செய்யாது, அது ஈரக் கலவையில் இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் வேர் மயிர்களைத் தின்னும், தின்ற காயத்தின் வழியாக அழுகலும் நுழையும். ஓர் உருளைக்கிழங்கு வில்லையை வெட்டிக் கலவைமேல் இரண்டு நாள் வைத்துத் தூக்கிப் பாருங்கள், அடியில் கருப்புத் தலையோடு கண்ணாடி மாதிரி சின்னப் புழுக்கள் இருந்தால் அவைதான். மேல்பரப்பு காயும்வரை தண்ணீர் விடாதீர்கள், அரை சென்டிமீட்டருக்கு உலர்ந்த மணலைப் பரப்புங்கள், மஞ்சள் ஒட்டுப் பொறி ஒன்றைத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். இனிப்புக் கரைசல் நின்றதுமே பாதி குறைந்துவிடும்.

19:19:19 பற்றிக் கேட்டீர்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை: அது கரைந்ததும் பெரும்பகுதி செடிக்கு நேரடியாகக் கிடைத்துவிடும், அளவு குறைவாக இருந்தால் நாற்றும் வளரும். ஆனால் முளைத்த அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் கைநிறைய ஊற்றியிருந்தால் அதுவும் இதே வேரைத்தான் கருக்கியிருக்கும். இயற்கை முறையில்தான் வளர்க்க வேண்டும் என்று நீங்கள் நினைத்துத் தொடங்கியதை மாற்றிக்கொள்ள இந்தத் தட்டுகள் ஒரு காரணமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தக்காளித் தட்டை விட்டுவிடுங்கள். சாய்ந்தது எழுந்திருக்காது, நிற்பதிலும் கிருமி இருக்கும், அந்தக் கலவையை வேறெந்தத் தட்டுக்கும் போடாதீர்கள். தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். மிளகாயிலும் கத்தரியிலும் ஓரத்துக் குழியிலிருந்து ஒரு நாற்றை மெதுவாக உருவிப் பாருங்கள். வேர் நுனியில் கொஞ்சமாவது வெள்ளை தெரிந்தால் காப்பாற்றலாம். தட்டு முழுவதும் அடியில் நன்றாக வடியும்படி வெறும் தண்ணீரை ஒரே தடவையாக இரண்டு மூன்று லிட்டர் விட்டு, தேங்கியதைக் கழுவி வெளியேற்றுங்கள். பிறகு மேல்பரப்பு காயும்வரை தண்ணீரே வேண்டாம், காற்றோட்டமான வெளிச்சத்தில் வையுங்கள், பத்து நாளைக்கு எந்தக் கரைசலும் கிடையாது. மஞ்சளான பழைய இலை பச்சையாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அது அப்படியேதான் இருக்கும். நடுக்குருத்தில் வரும் புது இலையைப் பாருங்கள். அது பச்சையாக வந்தால் லிட்டருக்கு 1 மி.லி. மீன் அமிலம் என்று தொடங்குங்கள். வேர் முழுதும் பழுப்பாக இருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்தத் தட்டையும் கொட்டிவிடுங்கள், மறுபடி விதைப்பதுதான் சீக்கிரம். எப்படியானாலும் புதுக் கலவைக் குவியலை இன்றைக்கே போட்டுவிடுங்கள். அது ஆறி, முள்ளங்கி விதைச் சோதனையும் முடிவதற்குள் மிளகாயின் புதுக் குருத்து என்ன நிறத்தில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள், முடிந்தால் உருவிய நாற்றின் வேரையும் வெள்ளைத் தாளில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள், அளவை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.